மெர்வ் சொன்ன நாலு வரி

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிற கவிஞர்கள் விஸ்வலிங்கத்துக்கு வைத்திருந்த பெயர் குதிரைக் கவிஞர். மனிதர் வாழ்நாளில் ஒரு குதிரைமேலும் ஏறியதில்லை. சிங்கப்பூர் ராணுவத்தில் முப்பத்திரண்டு வருடம் லாரி பழுது பார்த்தவர். ஓய்வு பெற்று, சுவா சூ காங்கில் ஒன்பதாவது மாடியில் மனைவி இரஞ்சிதத்தோடு இருப்பவர். ஆனால் வாயைத் திறந்தால் ஆஸ்திரேலியாதான். குதிரையேறி மாடு ஓட்டுகிறவன், ஆட்டுக்கு ரோமம் வெட்டுகிறவன், வேலிக்குக் கம்பி இழுக்கிறவன் என்று அந்தக் காட்டு மேட்டு ஆட்கள் பாடிவைத்த பாட்டுகள் நூற்றுக்கு மேல் அவருக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அவர்கள் கேலியிலும் ஒரு நியாயம் இருந்தது. பிடோக்கில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு யூகலிப்டஸ் மரத்தோடு என்ன உறவு? விஸ்வலிங்கம் அதற்கு நேராகப் பதில் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: தமிழ்க் கவிதை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததில் லாரி மெக்கானிக் யாரும் இல்லை. அந்த ஆஸ்திரேலியப் பாட்டுகளில் வேலை செய்கிறவனே தன் வேலையைச் சொன்னான். புலம்பாமல் சொன்னான். பொண்டாட்டி செத்ததையும் குதிரைக்கு லாடம் அடித்ததையும் ஒரே குரலில் சொன்னான். பேப்பர் பார்த்துப் படிக்கவில்லை, நெஞ்சிலிருந்து சொன்னான். அந்தச் சந்தத்தைத் தொடையில் தட்டிப் பார்த்தபோது நம்முடைய நொண்டிச் சிந்து அதில் ஓடியது. அன்றைக்கு அவர் விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவரை விழவைத்தவர் மெர்வ் என்கிற கிழவர். இருபத்தாறு வருடத்துக்கு முன், குவீன்ஸ்லாந்துக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், விஸ்வலிங்கத்தின் லாரி கியர்பாக்ஸ் உடைந்து ஒரு மாட்டுப்பண்ணை ஓரமாக நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. உதிரிபாகம் வர மூன்று நாளாகும் என்றார்கள். பண்ணைக்காரர் மெர்வ் தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டு, தகர டப்பாவில் தேநீர் வைத்துக் கொடுத்து, பொழுது போகாமல் பாட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதைக் கட்டியவன் பெயரைச் சொல்வார். இன்னாருடையது, இந்த ஊர்க்காரன், இன்ன வேலை பார்த்தவன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். விஸ்வலிங்கம் லாரிப் பழுதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், லாரி கிளம்பத் தயாரான பிறகு, மெர்வ் கடைசியாக ஒன்று சொன்னார். அதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை.

அந்த ஊரில் கேட் என்பது பெரிய விஷயம். சாத்தியிருந்த கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மாடெல்லாம் வெளியே போய்விடும், அதைவிடப் பாவம் வேறில்லை. பாட்டில் ஒருவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு தூர தேசம் போகிறான். வீட்டில் நோயாளி மனைவி. வெள்ளம் வந்து இரண்டு நாள் தாமதம். திரும்பி வந்தால் வீட்டு கேட் திறந்து கிடக்கிறது. வருகிறவன் இறங்கித் திறக்கிற நேரம்கூட மிச்சமாகட்டும் என்று அவள் திறந்து வைத்திருக்கிறாள். உள்ளே அவள் உயிரோடு இல்லை. மூன்று பத்திகள் அவ்வளவுதான். நாலாவது பத்தி வேறு மாதிரி இருந்தது. அதைச் சொல்லும்போது மெர்வ் தேநீர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் சொல்லாததால் விஸ்வலிங்கம் அதை ஊர்ப்பாட்டு என்று நினைத்துக்கொண்டார். நம்மிடம் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் யார் பெயர் போடுகிறார்கள்? யாரோ பாடினார்கள், நமக்கு வந்தது, நாமும் பாடுகிறோம். அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எட்டு வருடத்துக்கு முன் தன் நண்பர் கோவிந்தசாமியின் மனைவி தங்கம் இறந்தபோது, அதைத் தமிழில் கட்டினார். மாட்டுக்காரன் லாரி டிரைவர் ஆனான், பண்ணை வீடு அடுக்குமாடி வீடானது:

ஈப்போவில் சரக்கிறக்கி வீடு வருகிறான் – வழியில்
எப்போதும் போலவொரு பாட்டுப் பாடுறான்;
கூப்பிட்டுத் தட்டிடவே தேவை இல்லையாம் – அந்தப்
பூப்போட்ட கேட்டு இன்றும் திறந்து கிடக்குதாம்.

சாவு வீட்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்று அவர் அதைச் சொல்லி முடித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் அச்சடித்த நினைவஞ்சலி அட்டையில் அந்தப் பாட்டும், கீழே ‘கவிஞர் விஸ்வலிங்கம்’ என்றும் இருந்தது. அவர் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு தெம்பனிஸ், பிடோக் என்று எங்கே சாவு விழுந்தாலும் அவரைக் கூப்பிட்டார்கள். மண்டாய் எரியூட்டு மண்டபத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதைச் சொன்னார். குதிரைக் கவிஞர் என்று சிரித்தவர்களும் ‘திறந்த கேட்’ என்றால் சும்மா இருந்தார்கள். புகழ் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் உதறிவிட யாருக்கு மனம் வரும்?

இந்த வருடம் அவர் பாட்டுகள் தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகம் ஆகின்றன. மொழிபெயர்த்தவள் கோவிந்தசாமியின் மகள் ரக்ஷனா. வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் தேக்கா சந்தையில் அவரை வரச் சொல்லி, காப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து போனை நீட்டினாள்.

“அங்கிள், கோவிச்சுக்காதீங்க. ரிதம் கரெக்டா வருதான்னு பாக்க, இந்த பாட்ட மட்டும் ஆஸ்திரேலியா குரூப் ஒண்ணுக்கு அனுப்பினேன். ஒருத்தங்க ரிப்ளை பண்ணியிருக்காங்க. படிங்க.”

எழுதியவள் ஷோனா. மெர்வின் மகள். அப்பா போன வருடம் காலமானார் என்று எழுதியிருந்தாள். இந்தப் பாட்டு அப்பாவுடையது. மற்றவர் பாட்டென்றால் பெயர் சொல்லிவிட்டுச் சொல்வார், தன்னுடையதென்றால் பெயர் சொல்லமாட்டார், அதுதான் அவர் வழக்கம். என் அம்மா இறந்ததைப் பற்றிக் கட்டியது. அப்போது எனக்கு நாலு வயது. நாங்கள் கேட்டது மூன்று பத்திதான். நாலாவது உண்டு என்பார், கேட்டால் எழுந்து போய்விடுவார். உங்கள் கவிஞர் அவரை நேரில் கேட்டவர் என்றால், அவரிடம் நாலாவது இருக்கிறதா? நான் சண்டைக்கு வரவில்லை. எனக்கு அது வேண்டும்.

விஸ்வலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார். அறுபத்து நாலு வயதில் திருட்டுப் பிடிபடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

“நாலாவது இருக்கா அங்கிள்?” என்றாள் ரக்ஷனா.

“ஞாபகமில்லம்மா. பழைய புக்ல தேடணும்.”

பொய். நாலு வரியும் அவர் நாக்கின் நுனியில் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஏனென்றால் அந்த நாலு வரியை அவர் வெட்டியதே அவள் அப்பாவுக்காக.

எட்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் பாருவில் கவியரங்கம். விஸ்வலிங்கத்தின் காரில் அவரும் கோவிந்தசாமியும் போயிருந்தார்கள். பதினொரு மணிக்கு, தங்கம் படுத்திருந்த சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து ரக்ஷனா அழைத்தாள்: டாக்டர் உடனே வரச் சொல்கிறார். “இதோ கெளம்பிட்டேம்மா” என்று கோவிந்தசாமி போனை வைத்தார். கிளம்பவில்லை. அவர் முறை சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று மாதமாகச் செதுக்கிய வெண்பாக்கள் சட்டைப் பையில் இருந்தன. இப்படி டாக்டர் கூப்பிட்டு ஒன்றுமில்லாமல் போனது முன்பும் இரண்டு முறை நடந்திருந்தது. படித்தார், கைதட்டு வாங்கினார், மூன்று மணிக்குக் காரில் ஏறினார். எப்போதும் நெரிசலாக இருக்கிற காஸ்வே, சிங்கப்பூருக்குக் கடலைத் தாண்டும் அந்தப் பாலம், அன்றைக்கென்று வெறிச்சோடிக் கிடந்தது. இவர்கள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கம் கண்ணை மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

வாசலில் நின்ற ரக்ஷனா, “ஜாமாப்பா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. பயங்கர ஜாம்” என்றார் கோவிந்தசாமி.

பக்கத்தில் நின்ற விஸ்வலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வின் நாலாவது பத்தி சொல்வதும் அதுதான். வெள்ளமெல்லாம் இல்லை, வழியில் ஓர் ஊரில் குதிரைப் பந்தயம் நடந்தது, அவன் இரண்டு நாள் தங்கிப் பார்த்தான். சாவு வீட்டில் கோவிந்தசாமியின் முன்னால் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

காப்பிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போய் இரஞ்சிதத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்கு கார் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

அவருடைய பையில் இருந்தது. கிளம்புப்பா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. கோவிந்தசாமிக்கு அடுத்து மேடையேறிப் படிக்கவேண்டியவர் அவரேதான். இத்தனை வருடம் நண்பனைக் காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தது அந்த நிமிடத்தில் உடைந்துபோனது.

மறுநாள் காலை கோவிந்தசாமியைக் கூப்பிட்டு, அதே காப்பிக் கடையில் உட்காரவைத்து, பாட்டு தன்னுடையதல்ல என்று சொன்னார். நாலாவது பத்தியைத் தமிழில் கட்டி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். கோவிந்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளை நாலாக மடித்தார். மேலும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார்.

“இத ரக்ஷனா பாத்துட்டாளா?”

“இல்ல.”

“அந்த வெள்ளக்காரப் பொண்ணுக்கு அனுப்பு. அது அவங்க சொத்து. மேடையில பாட்டு அவருதுன்னு சொல்லு, அதுவும் சரி. ஆனா இந்த நாலு வரிய இங்க சொல்லாத லா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“சரிப்பா.”

“அவ இருக்கா எனக்கு. அவ ஒருத்திதான் இருக்கா.” கோவிந்தசாமி காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

விஸ்வலிங்கம் பழுதுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஷோனாவுக்கு அனுப்பினார். தான் செய்த தவறையும் ஒன்றுவிடாமல் எழுதினார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. அப்பா என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை, என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தே வளர்ந்தேன் என்று எழுதியிருந்தாள். இப்போது தெரிகிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தால், ‘சரி அப்பா’ என்றுதான் சொல்லியிருப்பேன். ஐம்பத்து நாலு வருடம் சும்மா போய்விட்டது.

அதைப் படித்துவிட்டு விஸ்வலிங்கம் வெகுநேரம் ஜன்னலோரம் நின்றார். கீழே எல்ஆர்டி ரயில் இரண்டு முறை போய்வந்தது. பிறகு, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், அந்தக் கடிதத்தை அப்படியே தமிழில் எழுதி கோவிந்தசாமிக்கு அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

வெளியீட்டு நாள் அன்று டன்லப் ஸ்திரீட் மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். கோவிந்தசாமிதான் தலைமை. வாழ்த்துரைகள் வழக்கம்போல இழுத்தன. ஒருவர் விஸ்வலிங்கத்தை மக்கள் கவிஞர் என்றார், இன்னொருவர் புலம்பெயர்ந்த சந்தம் என்று ஏதோ சொன்னார். கவிஞர்களுக்கு மைக் கிடைத்தால் நேரம் போவது தெரியாது. கடைசியில் ‘திறந்த கேட்’ சொல்லும்படி அழைத்தார்கள். ரக்ஷனா முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விஸ்வலிங்கம் எழுந்து நின்றார். மெர்வ் செய்ததுபோல முதலில் பெயரைச் சொன்னார்.

“இந்தப் பாட்டு மெர்வ் என்பவருடையது. குவீன்ஸ்லாந்துக்காரர், மாடு வளர்த்தவர். அவருடைய மனைவி இறந்ததைப் பற்றி அவரே கட்டியது. தமிழ் மட்டும்தான் என்னுடையது. எட்டு வருடமாக என் பெயரில் நீங்கள் இதைச் சொல்லி வந்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தவறு என்னுடையது.”

பின்வரிசையில் சலசலப்பு. “அப்ப இத்தன நாளா?” என்று யாரோ கேட்டது தெளிவாகக் கேட்டது. அவர் அதற்கும் தலையாட்டினார். பிறகு மூன்று பத்தியையும் சொன்னார். எங்கெங்கோ சாவு வீடுகளில் சொன்ன அதே குரல்தான், ஆனால் இன்று முதல்முறையாகச் சொல்வதுபோல இருந்தது. மூன்றாவது முடிந்ததும் நிறுத்தினார். கைதட்ட சிலர் கை தூக்கினார்கள்.

“மிச்சத்தையும் சொல்லு” என்றார் கோவிந்தசாமி.

விஸ்வலிங்கம் திரும்பிப் பார்த்தார். நண்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடித்து மடித்துக் கசங்கிய அந்தத் தாள் அவர் கையில் இருந்தது.

“இருக்கறத சொல்லு லா.”

விஸ்வலிங்கம் சொன்னார்:

வெள்ளத்தால் நின்றேனென்று ஊருக்குச் சொன்னேன் – அடி
உள்ளதைச் சொல்வதென்றால் பந்தயம் பார்த்தேன்;
மெள்ளத்தான் போவோமே என்றிருந்தேன்நான் – நீ
உள்ளிருந்து வழிபார்த்த ரெண்டு நாளுந்தான்.

கைதட்டு இல்லை. இது சாவு வீட்டில் சொல்கிற பாட்டில்லை என்று சிலர் முகத்தில் எழுதியிருந்தது. வேறு சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்கள் வீட்டுக் கணக்கு அவர்களுக்குத்தானே தெரியும். யாரோ சமயோசிதமாக நன்றியுரையை ஆரம்பித்தார்கள். பிறகு தேநீரும் வடையும் வந்தன.

விஸ்வலிங்கம் வடைத் தட்டோடு மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினார். கோவிந்தசாமி மகளை அங்கேதான் அழைத்துக்கொண்டு வந்தார். நகர வழியில்லை. நகரவேண்டாம் என்று கோவிந்தசாமியே கையால் காட்டினார்.

“ரக்ஷனா. அன்னைக்கு காஸ்வேயில ஜாம் இல்லம்மா. நான் படிச்சு முடிச்சிட்டுத்தான் கெளம்புனேன்.”

“தெரியும்ப்பா.”

கோவிந்தசாமி விஸ்வலிங்கத்தைப் பார்த்தார். விஸ்வலிங்கம் இல்லை என்று தலையசைத்தார்.

“அங்கிள் சொல்லல. அன்னைக்கு அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு போன்ல காஸ்வே டிராஃபிக் கேமராவத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பன்னெண்டு மணிலேருந்து. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. ரோடு காலியா இருந்துச்சு.”

கீழே தெருவில் பூக்கடைக்காரர் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எட்டு வருஷம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா.”

“எப்படிப்பா கேக்கறது?” ரக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அப்பா எங்க, அப்பா எங்கன்னு. ஜாம்மா, வந்துகிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். அந்தப் பொய்ய மொதல்ல சொன்னது நான்தான்ப்பா.”

கோவிந்தசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.